கலிபர் பெரிசெண்டால் ஆள் பெரிசா?

முதலே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவு எங்கட பெடியள் கொஞ்சப் பேருக்குக் கோபத்தை வரவழைக்கும். அவர்களின் தகப்பன்மார் சிலருக்கு அதைவிடக் கூடக் கோபம் வரும். வரட்டும். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சமிக்காது.

விசயம் இதுதான். நான் இருக்கிற தூண் நகரப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ப் பிள்ளைகள் துப்பாக்கிச் சூட்டுச் சங்கங்களில் சேர்ந்திருக்கிறார்கள். இங்கேயே பிறந்து, சுவிஸ் கடவுச்சீட்டு எடுத்து, இராணுவப் பயிற்சிக்கும் போய்வந்த பிள்ளைகள். அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. என் சண்டை அதற்கு அடுத்த கட்டத்தோடு. சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை, "மாமா, தூரத்துக்குச் சுட எந்தக் கலிபர் திறம்?" என்ற கதை தொடங்கிவிடும். மறுமொழியையும் அவர்களே யூரியூப்பில் இருந்து கொண்டுவந்து விடுவார்கள். .300 வின்செஸ்ரர் மக்னம், .338 லப்புவா மக்னம்... நம்பர் ஏற ஏற கண் விரியும். பக்கத்தில் இருக்கிற தகப்பன், "எடுக்கிறதெண்டால் பெரிசாய் எடு" என்று தூபம் போடுவார்.

என் கட்சியை ஒரே வரியில் சொல்கிறேன். இலக்குச் சூட்டுக்கு, அந்தத் தூரத்துக்குப் போதுமான ஆகச் சின்னக் கலிபர்தான் சரியான கலிபர். அதற்கு மேலே வாங்குவது இலக்குக்காக இல்லை, பார்க்கிற சனத்துக்காக.

"குசினியில் கோப்பை கழுவுகிற உனக்கு இதில என்ன தெரியும்?" என்று ஒருவர் போன மாதம் முகத்துக்கு நேரே கேட்டார். (கோப்பை கழுவினது முதல் மூன்று வருடம் அண்ணை, இப்ப நான் அடுப்படியில் நிற்கிறேன்.) நியாயமான கேள்விதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தவன் நான். 2006 ஓகஸ்ட்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு வந்த நாட்களில் அந்தப் படிப்பு நின்றது நின்றதுதான். பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் அரைவாசி திணிவு பெருக்கல் வேகத்தின் வர்க்கம் என்ற சூத்திரத்தை எந்தச் சோதனைச்சாவடியிலும் யாரும் பறிக்கவில்லை. அதோடு, சனிக்கிழமைகளில் சூடு முடித்துவிட்டு எங்கள் ரெஸ்ரோறன்டுக்கு வருகிற கிழவர்களின் மேசைக்கு சாப்பாடு கொண்டுபோய் வைத்து, அவர்களின் கதையைப் பதினைந்து வருடமாகக் கேட்டு வருகிறேன். ஐம்பது வருடம் சுட்ட மனிதர்கள். அவர்கள் பெரிய கலிபரைப் பற்றிக் கதைத்து நான் கேட்டதில்லை. காற்றைப் பற்றியும், மூச்சைப் பற்றியும், முழங்கையை எங்கே ஊன்றுவது என்பதைப் பற்றியும்தான் கதைப்பார்கள்.

எங்கட ஆட்களுக்கு ஏன் கலிபர் மேல் இந்த மயக்கம்? எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். கலிபர் என்ற சொல்லை நாங்கள் விளையாட்டில் படிக்கவில்லை. 1990இல் எனக்கு ஏழு வயது. ஹெலி மேலே சுற்றும்போது "ஐம்பது கலிபர்" என்று பெரியாட்கள் கத்துவார்கள், நாங்கள் பதுங்குகுழிக்குள் விழுவோம். அதன் வெற்றுக்கோது என் கையளவு நீளம். பிறகு 122, 130, 152 என்று ஆட்லறிக் கணக்கு. எங்கள் ஊரில் வாய்ப்பாடு பாடமில்லாத பிள்ளையும் எறிகணையின் விட்டத்தைச் சத்தத்தை வைத்துச் சொல்லும். பெரிய நம்பர் என்றால் பெரிய பயம். பயத்தை உண்டாக்கினது எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு அது பலம் என்று எங்கள் மண்டைக்குள் பதிந்துவிட்டது. அந்தப் பதிவோடு இங்கே வந்து, ஒரு கடதாசி இலக்கைச் சுடவும் அதே கணக்கைப் போடுகிறோம். கடதாசி பயப்படாது ஐயா!

சரி, இந்த நாட்டுக் கணக்குக்கு வருவோம். கலிபர் என்பது, விளக்கம் தெரியாதவர்களுக்காக, துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். 19ஆம் நூற்றாண்டில் சுவிஸ் இராணுவத்தின் வெற்றர்லித் துப்பாக்கி 10.4 மில்லிமீற்றர். பிறகு இதே தூணில் இருந்த வெடிமருந்துத் தொழிற்சாலையில் எடுவார்ட் ரூபின் என்பவர் ஈயச் சன்னத்துக்குச் செப்பு உறை போட்டார். உறை போட்டதால் சன்னத்தைச் சிறிதாக்கி வேகத்தைக் கூட்ட முடிந்தது. 1889ஆம் ஆண்டுத் துப்பாக்கி 7.5 மில்லிமீற்றராக இறங்கியது. 1911இல் அந்த அளவிலேயே திருத்திய ரவை வந்தது, அதுதான் ஜிபி 11. கரபீனர் 31உம், ஸ்ரூர்ம்கெவேர் 57உம் சுடுவது அதைத்தான். அதற்குப் பிறகு ஸ்ரூர்ம்கெவேர் 90, ஜிபி 90 என்ற ரவையோடு 5.6 மில்லிமீற்றர். 10.4, 7.5, 5.6. பார்த்தீர்களா? சுட்டுச் சுட்டே பழகின இந்தச் சனத்தின் வரலாறு கலிபர் சிறுத்துக்கொண்டு வந்த வரலாறு. இங்கே படித்து வளர்ந்த எங்கட பிள்ளை அதைத் தலைகீழாக ஏறப் பார்க்கிறது.

இனி என் அரைகுறைப் படிப்பின் கணக்கு. ஜிபி 90 சன்னம் 4.1 கிராம், குழலை விட்டு வரும்போது செக்கனுக்குச் சுமார் 900 மீற்றர். சக்தி ஏறத்தாழ 1,700 யூல். ஜிபி 11 சன்னம் 11.3 கிராம், சுமார் 780 மீற்றர் வேகம். சக்தி ஏறத்தாழ 3,400 யூல். .338 லப்புவா 16 கிராம் அளவான சன்னத்தை 900 மீற்றர் வேகத்தில் தள்ளும்; 6,500 யூல். ஐம்பது கலிபர் 16,000 யூலுக்கும் மேலே. நல்லது. இப்ப சொல்லுங்கோ, 300 மீற்றர் தள்ளி நிற்கிற இலக்கில் ஓட்டை போட எத்தனை யூல் வேண்டும்? 1,700 தாராளம். மிச்சம் நாலாயிரத்து எண்ணூறு எங்கே போகிறது? கொஞ்சம் இலக்குக்குப் பின்னால் இருக்கிற மண்ணுக்குள். அதைத் தள்ளிவிட்டதற்கான கூலி உங்கட தோள்மூட்டுக்கு.

அந்தத் தோள்மூட்டுத்தான் இங்கே முக்கியம். சர்வதேசப் போட்டியின் 300 மீற்றர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10 சென்ரிமீற்றர். துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையில் 60 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்குறி 0.2 மில்லிமீற்றர் விலகினால், இரண்டு மயிர் தடிப்புத்தான், 300 மீற்றரில் சன்னம் 10 சென்ரிமீற்றர் விலகும். நடுப்பத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் வட்டத்துக்கு வெளியே போய்விடுவார். இந்த 0.2 மில்லிமீற்றரை எந்தக் கலிபரும் திருத்தித் தராது. அது மூச்சிலும், விரலிலும், நெஞ்சுத் துடிப்பிலும் இருக்கிறது. பெரிய கலிபர் அதைக் கூட்டத்தான் செய்யும். முதல் நாலு ரவையில் வாங்கின உதை உடம்புக்கு ஞாபகம் இருக்கும். ஐந்தாவதுக்கு விசை அமத்துகிறபோதே கண் தானாக மூடும், தோள் தானாகப் பின்வாங்கும்.

"காற்று இருக்கே, காற்றுக்குப் பெரிய சன்னம்தானே நல்லது?" என்று கேட்பார்கள். அரை உண்மை. காற்று எவ்வளவு தள்ளும் என்பது சன்னம் வழியில் எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதைப் பொறுத்தது. அதைத் தீர்மானிப்பது தடிப்பு மட்டும் இல்லை. தடிப்புக்கு ஏற்ற நீளமும், பாரமும், கூரான வடிவும் வேண்டும். அதனால்தான் 300 மீற்றரில் உலக மட்டத்தில் சுடுகிறவர்கள் 6 மில்லிமீற்றர் பிஆர் நோர்மாவை விரும்புகிறார்கள். 7 கிராமுக்குச் சற்றுக் குறைந்த, நீளமான, ஒல்லிச் சன்னம். உதை குறைவு, காற்றையும் வெட்டிக்கொண்டு போகும். சுவிஸ்காரர் தாங்களும் 6×47 சுவிஸ் மற்ச் என்று ஒன்றை இதற்கென்றே செய்தார்கள். தங்கட 7.5ஐப் பற்றி அவ்வளவு பெருமை உள்ள சனம், போட்டி என்று வந்தவுடன் 6க்கு இறங்கினது. எங்கட பெடியன் 8.6க்கு ஏறுகிறான்.

ஓம், .338 என்பது மில்லிமீற்றரில் 8.6. சர்வதேசத் துப்பாக்கிச் சூட்டுச் சம்மேளனத்தின் விதியில் 300 மீற்றர் போட்டிக்கு உச்சவரம்பு 8 மில்லிமீற்றர். காசைக் கொட்டி வாங்கின சாமானைப் போட்டி வாசலுக்குள்ளேயே கொண்டுபோக ஏலாது! சுவிஸ் முழுக்க வருடாவருடம் நடக்கிற ஃபெல்ட்ஷீசனுக்கும் கொண்டுபோக ஏலாது. அங்கே இராணுவத் துப்பாக்கிகள்தான். 18 ரவை, அதிகபட்சம் 72 புள்ளி, பங்குபற்றக் காசும் இல்லை. எண்பது வயதுக் கிழவர் கரபீனர் 31உடனும், பதினெட்டு வயதுப் பெட்டை ஸ்ரூர்ம்கெவேர் 90உடனும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துச் சுடுவார்கள். மாமாவின் மருமகன் .338ஐத் தோளில் போட்டுக்கொண்டு வெளியில் நின்று பார்க்கலாம்.

சரி, பதக்கம் எடுத்தவர்கள் என்ன பிடித்தார்கள்? ரோக்கியோவில் 2021இல் நடந்த ஒலிம்பிக்கில் நீனா கிறிஸ்ரன் தங்கம் எடுத்தார். 2024 பாரிஸில் கியாரா லேயோனே தங்கம் எடுத்தார். இரண்டும் 50 மீற்றர், மூன்று நிலைகள், .22 என்ற சின்ன ரவை. எங்கட இனத்திலும் ஒருவர் இருக்கிறார். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ உலகக் கிண்ணப் போட்டியில் 10 மீற்றரில் தங்கம் எடுத்த பிள்ளை. அவர் சுடுவது காற்றுத் துப்பாக்கி, 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டு. கடலை அளவும் வராது. தமிழன் சுட்டால் இப்பிடிச் சுடவேணும் என்று பெருமை பேச ஆசை இருந்தால் அந்தப் பிள்ளையின் படத்தைச் சுவரில் மாட்டுங்கோ. ஆனால் அதில் "கெத்து" இல்லையாம். நான் சொல்லவில்லை, என் சொந்த மருமகன் சொன்னது.

குசினியிலும் இதைப் பார்த்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிற பெடியன் ஆகப் பெரிய கத்தியைத்தான் முதலில் தூக்குவான். ஒரு கூடை கிழங்கைக் கொடுத்து உரிக்கச் சொன்னால், பெரிய கத்தியோடு மல்லுக்கட்டி விரலையும் வெட்டிக்கொண்டு நிற்பான். பக்கத்தில் இருக்கிற போர்த்துக்கல் அம்மா ஒரு விரல் நீளக் கத்தியோடு மூன்று கூடை முடித்திருப்பா. எந்த வேலைக்கு எந்தக் கத்தி என்று தெரிந்தவனைத்தான் குசினியில் வேலைகாரன் என்போம். கத்தியின் நீளத்தைப் பார்த்து யாருக்கும் சம்பளம் கூட்டுவதில்லை.

இனிக் காசுக்கு வருவோம், அதைக் கதைக்காமல் விட்டால் இந்தப் பதிவே பொய். மருமகன் கொண்டுவந்து காட்டிய பட்டியலில் துப்பாக்கி, தூரக்கண்ணாடி, தாங்குகால், பெட்டி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் பிராங். அரைவாசி கடன். எங்கள் ரெஸ்ரோறன்ட் துறைக் கூட்டு ஒப்பந்தத்தில், தொழிற்கல்வி முடிக்காத ஒருவருக்கு 2024இல் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 3,666 பிராங், அதுவும் கழிவுகளுக்கு முன். அவனுடைய தாய் அந்தச் சம்பளத்தில்தான் துப்புரவு செய்து அவனை வளர்த்தவ. இரண்டரை மாத முதுகுநோவு அந்தப் பட்டியல். அதற்குப் பிறகு சுடுகிற ஒவ்வொரு ரவைக்கும் ஜிபி 11இன் விலையைப் போலப் பல மடங்கு. மருந்து கூட எரிகிறதால் குழலும் கெதியாகத் தேயும். விலையைப் பார்த்துப் பார்த்துச் சுடுகிறவன் மாதத்தில் பத்து ரவை சுடுவான். சின்ன ரவைக்காரன் அதே காசில் நூற்றுக்கு மேலே சுட்டுக் கை பழகிவிடுவான். பிறகு யார் வெல்வது?

இது துப்பாக்கியோடு நிற்கிற வருத்தம் இல்லை. சாமத்திய வீட்டுக்கு ஹெலிகொப்ரரில் பிள்ளையை இறக்கினதும் இதே வருத்தம்தான். தவணைக்கு எடுத்த பெரிய எஞ்சின் காரை ஐம்பது கிலோமீற்றர் வேக வீதியில் உறுமவிடுகிறதும் இதுதான். தேவையின் அளவை விட்டுவிட்டு, ஊர்ப்பார்வையின் அளவை எடுக்கிற வருத்தம்.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் கொடுக்கிறேன். தூரம் கூடினால் கணக்கு மாறும், உண்மை. ஜிபி 90 ஆயிரம் மீற்றரை எட்ட முதலே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கிவிடும், பிறகு அதை நம்பிக் குறிபார்க்க ஏலாது. எண்ணூறு, ஆயிரம் மீற்றருக்கு 6.5 மில்லிமீற்றர் அளவான நீளச் சன்னங்கள் நல்லவை. ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து ஐந்நூறு என்று போனால் .338க்கு வேலை இருக்கிறது. நெடுந்தூரச் சூட்டுக்கென்றே பிறந்த ரவை அது. ஆனால் தம்பி, நீ சுடப்போகிற சங்கத்தின் சுடுதளம் 300 மீற்றர். ஊருக்கு ஊர் இருக்கிறதும் 300 மீற்றர்தான். ஆயிரம் மீற்றருக்கு இடம் எங்கே, யார் விடுவார்கள், வருடத்தில் எத்தனை நாள் என்று கேட்டுவிட்டுக் கலிபரைக் கேள். இருக்கிற இடத்தை விட்டுவிட்டு இல்லாத இடத்துக்குச் சாமான் வாங்காதே.

இன்னொரு பக்கத்தாரும் இருக்கிறார்கள். "நாங்கள் பட்டது காணாதா? தமிழன் பிள்ளை துப்பாக்கியைத் தொடவே கூடாது" என்கிறவர்கள். அந்த வலியை நான் மதிக்கிறேன், ஆனால் முடிவோடு உடன்படவில்லை. இலக்குச் சூடு ஒரு மனிதனைக் குறிபார்ப்பதில்லை. அசையாமல் இருக்கப் பழகுகிறது, கோபத்தை வீட்டில் விட்டுவிட்டு வரப் பழகுகிறது. கை நடுங்கினால் புள்ளி குறையும், அவ்வளவுதான். எங்களுக்குத் தெரிந்த துப்பாக்கிக்கும் இதற்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை ஒரு பிள்ளை உணரவேண்டுமென்றால், அது சின்னக் கலிபரில், அமைதியாகச் சுடுகிற கிழவருக்குப் பக்கத்தில் படுத்துப் பழகவேண்டும். மக்னம் வாங்குகிற பிள்ளை அந்த வித்தியாசத்தை அழித்துவிட்டு, நாங்கள் ஓடிவந்த இடத்துக்கே மனதால் திரும்பிப் போகிறது. தொடாதே என்கிறவர்களுக்கு ஆதாரம் எடுத்துக் கொடுக்கிறதும் அந்தப் பிள்ளைதான்.

கடைசியாக, தகப்பன்மாருக்கு. இந்த நாட்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் 2008இல் வந்த கட்டளையில், ஆயுதம் வாங்கவும், வைத்திருக்கவும், ஏன், துப்பாக்கியால் சுடவும்கூடத் தடைசெய்யப்பட்ட நாட்டவர் பட்டியல் ஒன்று இருக்கிறது. துருக்கி, சேர்பியா, கொசோவோ, அல்பேனியா போன்றவற்றோடு இலங்கையும் அதில் இருக்கிறது. விளையாட்டு, வேட்டை போன்றவற்றுக்கு விதிவிலக்கு அனுமதி கேட்கலாம், கேட்டால் கிடைக்கும் என்று இல்லை. நீங்கள் இருபது, முப்பது வருடம் இங்கே இருந்து வரி கட்டினாலும், கையில் இருப்பது இலங்கைக் குடியுரிமை என்றால் மகனின் துப்பாக்கியில் உங்களுக்கு உரிமை இல்லை. "கொண்டா பாப்பம்" என்று வாங்கி, சோபாவில் இருந்து படம் எடுத்து, முகநூலில் போடுகிற விளையாட்டு வேண்டாம். மற்றவர் கைக்குப் போகாமல் பூட்டி வைக்கவேண்டிய பொறுப்பும் சட்டத்தில் இருக்கிறது. பிரச்சினை வந்தால் உங்கட படத்துக்குப் பதில் சொல்லப்போவது மகன்.

அந்தப் பட்டியலைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, நானும் அதற்குள் நிற்கிறவன். ஒரு முழு இனத்தையும் கடவுச்சீட்டின் நிறத்தை வைத்து ஆபத்து என்று எழுதுவது சரியில்லை. அதற்காக வாதாடவேண்டும். ஆனால் நாளைக்கு அதை யாராவது நீக்கக் கேட்டுப் போனால், அவர்கள் காட்டவேண்டியது சுடுதளத்தில் ஒழுங்காக 300 மீற்றர் சுடுகிற எங்கட பிள்ளைகளை. .338ஐக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற படங்களை இல்லை.

ஆகவே மருமகனுக்கும் அவன் வயதுப் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது: இரண்டு வருடம் இராணுவத் துப்பாக்கியில் ஜிபி 90 சுடு. பழசு பிடிக்குமென்றால் ஒரு கரபீனர் 31 பார், ஜிபி 11 சுடு. புள்ளி ஏறி, சங்கத்தில் உன்னைப் போட்டிக்கு அனுப்புகிற நாள் வந்தால் அப்ப 6 மில்லிமீற்றரைப் பற்றிக் கதைப்பம், நானும் ஆயிரம் பிராங் போடுகிறேன். அதுவரைக்கும் அந்த ஒன்பதாயிரத்தில் தாயை ஒருக்கால் ஊருக்கு அனுப்பு. அவ தன்ர தாயைப் பார்த்துப் பதினொரு வருடம்.

திட்ட விரும்புகிறவர்கள் வழமைபோலத் திட்டலாம். ஒரு வேண்டுகோள் மட்டும்: திட்ட முதல், உங்கட சுடுதளம் எத்தனை மீற்றர் என்று எழுதிவிட்டுத் திட்டுங்கோ.